எந்த இடம்

டாக்டர் ஹேவகே சிங்களத்தில் கேட்டதை
நான் தமிழில் கேட்டேன்:
எந்த இடத்தில வலி?
காலு, என்றாள் பவளக்கொடி.

அவள் சொன்ன கால்
இடுப்புக்குக் கீழே தொடங்கி
நகத்தில் போய் முடிகிறது.
கக்குல, என்றேன்.
அவர் முழங்காலைத் தட்டினார்.
இல்லீங்க, கீழ.
அட்டைக்குத் தேய்த்த சவுக்காரம் காய்ந்திருந்த
கெண்டையை அமுக்கினார்.
இன்னுங் கீழ.

மொழிபெயர்ப்பாளர் என்று
என் சேலையில் குத்தியிருக்கிறது.
கரண்டை, புறங்கால், உள்ளங்கால்
எல்லாம் எனக்குத் தெரியும்.
தாளும் கழலும் கூட,
ஓ எல்லுக்குப் பாடமாக்கியவள்தான்.
தாள் வலிக்குதென்று
மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்கு
இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

அடி பட்டதா, என்று கேட்டேன்.
அடிதானுங்க, என்று காலைத் தூக்கினாள்.
விழுந்தாளா, யாரும் அடித்தார்களா,
அடிப்பாதத்தைச் சொல்கிறாளா?
டாக்டர் பேனாவைத் திறந்து காத்திருந்தார்.

சிங்களத்திலும் அடி உண்டு.
அதால் லயத்துக் காம்பராவை அளக்கலாம்,
ஒற்றையடிப் பாதையை
அவர்களும் அடிபார என்பார்கள்.
வலிப்பதற்கு மட்டும்
வேறு சொல் தேடவேண்டும்.

கால் என்றால் கால்வாசியும்தான்.
போன கிழமை
நொண்டிக்கொண்டே ஆறாம் நம்பர் மலை ஏறியவளுக்குக்
கொழுந்து குறைந்ததென்று
அரைப் பேர் போட்டார்களாம்.
துணைக்கு வந்த கொழுந்தன் சொன்னான்.
அதை நான் சிங்களத்தில் சொல்லவில்லை.
படிவத்தில் அதற்குக் கோடு இல்லை.

மண் போகட்டும் என்று
மிஸ்ஸி பேசினில் கால் இரண்டையும் கழுவிவிட்டாள்.
துடைக்கத் துணி எடுக்கப் போன நேரம்
பவளக்கொடி கட்டிலை விட்டு இறங்கினாள்.
நீங்களே பாத்துக்குங்க.
கதவுவரை நடந்தாள்.

சிவப்புச் சீமெந்தில் ஈரம்.
இடது கால் முழுதாக, ஐந்து விரலோடு.
வலது, விரல்களும் முன்பாதியும்;
பின்னால் வெறும் தரை.
மறுபடி இடது, முழுசு.
மறுபடி வலது, பாதி.
கதவுவரை அப்படியே.

டாக்டர் குந்தினார்.
விலும்ப, என்றார்.
குதிகால், என்றேன்.
இவ்வளவு நேரமும்
வேறென்னத்தைச் சொன்னேன் என்பதுபோல
அவள் எங்களைப் பார்த்தாள்.

பேனா மூடியால்
அந்த வெறும் இடத்தை அவர் தொட்டார்,
தரையைத்தான்.
ஸ்ஸ், என்றாள்
நாலடி தள்ளி நின்றவள்.

தடம், சுவடு என்று
இரண்டு சொல் என் கையில் மிச்சம் இருந்தது.
யாரும் கேட்கவில்லை.
எக்ஸ்ரேக்குத் துண்டு எழுதினார்.
கொழுந்தன் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

விரல்கள்தான் முதலில் காய்ந்தன.
மொப்போடு வந்த சோமாவதியை
கொஞ்சம் பொறு, என்றேன்.
எந்தப் பாஷையில் சொன்னேனோ,
நின்றாள்.