வரவில் வைக்காத பதினோரு சென்ட்

கணக்குத் தணிக்கை அலுவலகம் என்னை அனுப்பியது
ஒரு தோல் பையோடும்
கோடு போட்ட இரண்டு பேரேடுகளோடும்.
பனி விட்டுவிட்டுப் பெய்த மார்ச் மாதம்.
துணை ஜனாதிபதி பேரன்ட் வான்டர்ஹூஃப்
நாட்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர் பாக்கி
என்பது என் மேலதிகாரியின் கணக்கு.
நாடுதான் தனக்குப் பாக்கி என்பது அவருடைய கணக்கு.
இரண்டுக்கும் நடுவே ஹட்சன் முகத்துவாரம்,
ஒரு படகு, நான்.

துடுப்புப் போட்ட ஜூபிடர் ஹேக்கெட்
நான் கேட்பதற்கு முன்பே சொன்னான்:
"போர்க் குளிரில் எனக்கு பூட்ஸ் கொடுத்தது அவர்தான்.
இடது கால் கொஞ்சம் கடித்தது."
எழுதிக்கொள்ளவில்லை.
வாய்ச்சொல் ரசீது ஆகாது.

கதை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.
அப்போது அவர் மாநில கவர்னர்.
எல்லையில் எதிரி, கஜானாவில் எலி.
தேசத்தின் கையெழுத்தை எந்த வங்கியும் நம்பவில்லை.
"கூடவே உங்கள் கையெழுத்தும் வேண்டும்" என்றார்கள்.
போட்டார்.
போர்வைக்குப் போட்டார், வெடிமருந்துக்குப் போட்டார்,
உப்பிட்ட மாட்டிறைச்சிப் பீப்பாய்க்கு, வண்டிக்காரன் கூலிக்கு,
குதிரைமேல் இருந்தபடியே,
இறகுப் பேனாவில் மை உறைந்தபோது
எச்சில் தொட்டுப் போட்டார்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
அவர் ஆற்றையே தூக்கிப் போட்டார்.
மூன்று வருஷம், ஒரு நகல் எடுக்கவில்லை.

பிறகு வெற்றி, வாணவேடிக்கை, பெரிய பதவி.
பதவி உயர்ந்த வேகத்தில் வட்டியும் உயர்ந்தது.
எதிர்க்கட்சிப் பத்திரிகை
'எங்கே பணம்?' என்ற ஒற்றை வரியை
வாராவாரம் அச்சடித்தது,
எழுத்து மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.
செனட்டின் உயர்ந்த நாற்காலியில் அவர்
சுத்தியலைப் பிடித்தபடி தூங்கியதை
நானே மாடத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.
யாரோ இருமினார்கள்.
"தீர்மானம் நிறைவேறியது" என்றார், கண் திறக்காமல்.
வாக்கெடுப்பு ஆரம்பிக்கவே இல்லை.
சிரித்தவர்களில் நானும் ஒருவன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி கெட்டூரா.
"காகிதங்களா? ஜன்னலில் இருக்கின்றன."
சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே
மடித்து மடித்துச் செருகியிருந்தன ரசீதுகள்,
கடற்காற்றுக்கு அடைப்பாக.
பேனாக்கத்தி முனையால் ஒவ்வொன்றாய் நெம்பினேன்.
பூட்ஸ், இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி. தொகை கரைந்துவிட்டது.
போர்வை. தொகை இருக்கிறது, வாங்கியவன் பெயர் இல்லை.
ஒன்றில் வெறுமனே 'கொடுத்தாயிற்று.'
எடுக்க எடுக்க அறை குளிர்ந்தது.
கெட்டூரா ஒன்றும் சொல்லாமல்
சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அவர் வந்தார், ஒரு காலில் மட்டும் காலுறை.
பிராந்தி வாசனை அவருக்கு ஓரடி முன்னால் வந்தது.
"எவ்வளவு தேறியது?"
"ஒன்பதாயிரத்துச் சொச்சம், ஐயா."
விரல்விட்டு எதையோ எண்ணினார்,
பாதியில் மறந்து கையைப் பார்த்தார்.
"பையன்கள் பனியில் வெறுங்காலோடு நின்றார்கள்.
நான் பார்த்தேன். அவ்வளவுதான்."
அதற்குப் பத்தி இல்லை என் பேரேட்டில்.

அவர் இறந்த இரண்டாம் வருஷம்
ஒரு கமிட்டி கூடிக் கூட்டிக் கழித்து
நாடுதான் பாக்கி என்றது.
அந்தத் தீர்மானத்தை நகலெடுத்தவன் நான்.
எழுத்து அழகாக வந்திருந்தது.
பணம் கடன்காரர்களுக்குப் போயிற்று,
நகல் கெட்டூராவுக்கு.

அன்று கிளம்பும்போது
படிக்க முடியாத இரண்டு ரசீதுகளைத்
தடிமன் பார்த்து எடுத்து
ஜன்னலிலேயே திரும்பச் செருகினேன்.
"படகுக்குச் சில்லறை வைத்திருக்கிறாயா?" என்று
என் உள்ளங்கையில் பதினோரு சென்ட் வைத்தார் அவர்.
ரசீது கேட்கவில்லை. நானும் எழுதித் தரவில்லை.
அக்கரையில் நீட்டியபோது
ஜூபிடர் காசைப் பார்த்தான்,
யாருடையது என்று கேட்டான்,
வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.