மம என்றால் நான்

ஹட்டன் நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளர்.
கூட்டாமல், குறைக்காமல் என்று
சத்தியம் செய்து பன்னிரண்டு வருடம்.
‘அவர் சொல்கிறார்’ என்று தொடங்கக் கூடாது.
சாட்சி தமிழில் ‘நான்’ என்றால்
சிங்களத்தில் நானும் ‘மம’ என்றே சொல்ல வேண்டும்.
போன செவ்வாய்க்கிழமை நான் கசிப்பு காய்ச்சினேன்.
புதன்கிழமை அண்ணன் மண்டையை உடைத்தேன்.

இன்று காலை பத்தேகாலுக்கு
நான் ஜெயசீலன், வழக்காளி,
கொட்டாஞ்சேனை இரும்புக்கடைச் சிப்பந்தி.
ஒவ்வொரு கேள்விக்கும்
இடது காதை என் பக்கம் திருப்பித் திருப்பி
‘கொழும்புக்கு வரச் சொன்னேன், வரமாட்டேன்னுட்டா’
என்று என் மனைவியைப் பற்றிச் சொன்னேன்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு
நான் யோகமலர், எதிராளி, கொழுந்து பறிப்பவள்.
‘அங்க ஒரு ரூம்புல ஆறு ஆம்பளைங்க.
பொட்டப்புள்ளயோட எங்க போய்ப் படுக்கிறது?’
அதே தொண்டைதான்.
இடையில் ஒரு மிடறு தண்ணீர்.

‘மாமா வேலை தேடிப் போன வருஷம்…’
என்று அவள் இழுத்தபோது
‘என் கணவர்’ என்றுதான் சிங்களத்தில் வைத்தேன்.
தோட்டத்தில் பிறந்தவளுக்கு இது தெரியாதா.

சட்டத்தரணியின் தாளில்
‘வன்மத்துடன் கைவிட்டமை’ என்று இருந்தது.
தமிழில் சொன்னதும் யோகமலர் என்னைக் கேட்டாள்:
‘யாரு யாரைங்க?’
அதையும் மொழிபெயர்த்தேன்.
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஏழு பேர்ச் காணியில் வீடு.
கிடைத்தது, செக்ரோலில் அவள் பெயர் இருந்ததால்.
உறுதி எழுதியது, அவன் பெயருக்கு.
பிள்ளைக்கு நிலையான இருப்பிடம் வேண்டும் என்று
நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை.
அந்த வரிக்குக் கீழே அவனுடைய சட்டத்தரணி
சிவப்புப் பேனாவால் கோடிட்டிருந்தார்.

பிற்பகல், உள்ளறை.
நீதிபதி அம்மா, எழுதுவினைஞர், நான்,
செருப்பு வார் அறுந்த டிலுக்ஷி.
ஜன்னலில் பனிமூட்டம் வந்து அடைத்துக்கொண்டது.
எத்தனையாம் வகுப்பு?
‘நான் மூணு.’ மம.
விளையாட்டுப் பிடிக்குமா?
‘நான் நல்லா ஓடுவேன்.’ மம.
யாரோடு இருக்க விருப்பம்?

பிள்ளை நீதிபதியைப் பார்க்கவில்லை.
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
‘மாமாவையா கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க?
வெளிய பெஞ்சுல இருக்காரு.
சத்தமாக் கூப்பிடுங்க,
அவருக்கு ஒரு காது கேக்காது.’

இரண்டு மொழியிலும் மாமா, மாமாதான்.
அந்த ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை.
அப்படியே எடுத்து வைத்தேன்.
அம்மா கூப்பிடுவதைக் கேட்டுப் பழகிய பிள்ளை,
அது அவள் அப்பாதான் என்று
விளக்கினால் கூட்டியதாகும்.
நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளை தாய்மாமனைக் கேட்கிறாள்,
அடுத்த தவணைக்கு அவரை ஆஜர்படுத்தவும்
என்று கோவையில் விழுந்தது.

படிக்கட்டில் யோகமலர்
தவணைத் துண்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.
‘எனக்குக் கூடப்பொறந்தவங்க யாருமே இல்லீங்களே.
மாமாண்டு யாருங்க சொன்னா?’

ஊரில் எல்லாருக்காகவும் சொன்ன சொல்.
தமிழிலும் வரவில்லை, சிங்களத்திலும் வரவில்லை.
‘கொஞ்சம் இருங்க’ என்று மட்டும் சொன்னேன்.

கீழே, பஸ் வரும் வரைக்கும்,
ஜெயசீலன் குந்தியிருந்து
பிள்ளையின் செருப்பு வாரை
ஊக்கால் குத்திச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.
டிலுக்ஷி சுற்றி வந்து
அவனுடைய இடது பக்கமாக நின்றுகொண்டு
என்னவோ சொல்லத் தொடங்கினாள்.