டிரம்ஸ் இல்லாத பிரதி

மாதத்தின் மூன்றாவது வெள்ளி,
கிதினியாவில், யாக்னாவின் பல் மருத்துவமனையில்
கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்தபடி படியிறங்கியதும்
காத்திருப்பு நாற்காலிகளை வட்டமாகத் திருப்புவோம்.
கிராம்பு எண்ணெய் வாசனை.
கீழே மீன்கடை ஷட்டர் இறங்கும் ஓசை.
ஆளுக்கோர் இசைத்தட்டு, ஆளுக்கொரு வழக்கு.

க்ஸவேரி சுங்கத்துறையில் இருந்தவர்.
உறையில் எழுதியிருந்தால்தான் நம்புவார்:
எந்த ஆண்டு, எந்த ஸ்டூடியோ, வாசித்தது யார் யார்.
யாக்னாவுக்கு டிராம்போன் ஆகாது.
"நாள் முழுக்கத் திறந்த வாயைப் பார்க்கிறேன், போதும்."
நான் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவள்.
பிடித்தது எது என்று தெரியும், ஏன் என்று சொல்ல வராது.
கேட்டுவிட்டு வந்து பேசு என்பேன்,
என் வாதம் அதோடு முடிந்துவிடும்.

லூதோமிர் நான்கு குளிர்காலமாக
ஒரே ஆல்பத்தைச் சிபாரிசு செய்தான்.
'உப்பு நேரம்'. ஸிக்வார்ட் ஹோல்ம் நால்வர் குழு.
"டிரம்ஸே கிடையாது. அந்தத் துணிச்சலைக் கேளுங்கள்.
இரண்டாம் பக்கத்தில் பியானோ ஓரிடத்தில் நிற்கும்,
அடுத்த படி இல்லையென்று
இருட்டில் கண்டுகொண்ட கால் மாதிரி."

"நால்வர் குழு," என்றார் க்ஸவேரி. "எண்ணிப் பார்.
நாலாவது பெயர் அர்விட் எக்மான். டிரம்ஸ்."
யாக்னா தன் பிரதியை ஓடவிட்டாள்.
தகரக் கூரையில் மழைபோல் சிம்பல் பொரிந்தது.
லூதோமிர் முகம் சுளித்தான்.
"இது வேறு அச்சு. என்னுடையது முதல் அச்சு.
அதில் இந்த ஆள் இல்லை."
கொண்டு வா என்றால் மாட்டான்,
அந்தத் தட்டு வீட்டுப்படி தாண்டாதாம்.
பிடித்த முயலுக்கு மூன்றே கால்,
நால்வர் குழுவுக்கு மூன்றே பேர்.

பிப்ரவரியில் அவனுக்கு நெஞ்சுச்சளி.
ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.
மனைவி இரவுப்பணி நர்ஸ், பகலில் தூங்குகிறவள்.
அந்த வீட்டில் ஸ்பீக்கர் கிடையாது.
"இப்போது சொல்," என்று ஹெட்போனை
என் தலையில் மாட்டிவிட்டான்.

வலது காதில் அர்விட் எக்மான்
பிரஷ்ஷால் பெருக்கிக்கொண்டிருந்தான், தெளிவாக.
ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்துப் பதிவு.
ஆட்களை இரண்டு கரையில் நிறுத்திவிடுவார்கள்.
இக்கரையில் மூன்று பேர், அக்கரையில் அவன் மட்டும்.

சொல்ல வாயெடுத்தேன். தொலைபேசி அடித்தது.
வலக்கையால் எடுத்தான்,
தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய்
இடது காதில் வைத்துக்கொண்டான்.
இருபத்தாறு வருடம் கப்பல் கட்டும் தளத்தில்
இரும்புத் தகடு அடித்தவன்.
எங்களோடு உட்காரும்போதெல்லாம்
வலது ஓர நாற்காலியைத்தான் பிடிப்பான்.
ஜன்னலுக்காக என்று நினைத்திருந்தேன்.

"எப்படி?" என்றான், போனை வைத்துவிட்டு.
"நிறைய இடம் இருக்கிறது," என்றேன்.
பொய்யில்லை.

அன்றிரவே யாக்னாவின் பிரதியைக் கடன் வாங்கினேன்.
பேலன்ஸ் குமிழை இடது பக்கம்
முட்டும்வரை திருகினேன்.
மழை நின்றது.
டிரம்பெட் மூச்சு வாங்குவது கேட்டது.
பாஸ் தனியாக நடந்து வந்தது, கோட்டுப் பொத்தான் போடாமல்.
அப்புறம் பியானோ, அவன் சொன்ன இடத்தில்
சொன்ன மாதிரியே
நின்றது.
யாருக்கோ வழிவிட்டு நிற்கிறது, அவர் வரவில்லை.
நான்கு வருடம் இந்த ஆல்பத்தை
எங்களில் ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

மார்ச்சில் சொன்னேன்:
"லூதோமிரின் அச்சுதான் உசத்தி. என் காதால் கேட்டேன்."
க்ஸவேரி பூதக்கண்ணாடியை எடுத்தார்,
அச்சு எண் கேட்டார். மறந்துவிட்டது என்றேன்.
யாக்னா என்னை ஒரு கணம் பார்த்தாள்,
சொத்தை எங்கே என்று தெரிந்த பார்வை.
பிறகு தேநீர் ஊற்றினாள்,
அவன் கோப்பையை இடப்பக்கம் வைத்தாள்.

ஒன்று மட்டும் அங்கே சொல்லவில்லை.
அந்த இரவு குமிழை மறுபக்கமும் திருகினேன்.
நாற்பது நிமிடம் அர்விட் எக்மான் மட்டும்.
பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல்
தூரத்தில் ஒரு பியானோ கசிகிறது, சில சமயம்.
அவனோ இல்லாத மூவருக்கும்
தாளம் தவறாமல் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்த ஆல்பத்தை
இன்னும் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை.