வெப்பச் சுமைப் படிவம்

புதுக்குடியிருப்பு. தகரம் போட்ட தையல்கடை.
அளவுநாடாவின் ஒரு நுனி டிலக்சனிடம்.
மறுநுனியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டா
செல்வமலர் அக்கா:
"அளக்கிறது என்ர தொழில், தம்பி. விடும்."

பதினாறுக்குப் பன்னிரண்டு.
கூரை தகரம் என்றபடியால் சதுர அடிக்கு நாற்பது.
ஏழாயிரத்து அறுநூற்று எண்பது என்று படிவத்தில் போட்டேன்.

"ஒரு தொன் மெசின் எண்டால்
இந்தச் சுவர் தாங்குமே?"

தொன் என்றது பாரமில்லை அக்கா.
ஒரு தொன் ஐஸ்கட்டி
ஒரு பகலும் ஒரு இரவும் எடுத்து உருகி முடிய
எவ்வளவு வெக்கையைக் குடிக்குமோ
அந்தக் குடி.
மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டாயிரம் பீ.ரி.யூ.

"ஐஸ் எங்க வைக்கிறது?"

ஐஸ் இல்லை.
பெயரில் மட்டும் மிச்சம்.

பள்ளிக்கூடத்தில் நான் பாடமாக்கியது யூல்.
பிஸ்கற் பெட்டியில் அதுவே கிலோகலோரி.
வேலைக்கு வந்தபிறகு பீ.ரி.யூ.
வெக்கை ஒன்றுதான்.
இங்கே சிலருக்கு வீட்டில் ஒரு பெயர்,
பதிவில் ஒரு பெயர்,
இடையில் சில வருடம் வேறொரு பெயர்
இருந்ததுபோல.

ஆட்கள் எட்டு. தலைக்கு நானூறு.
"நாங்கள் என்ன அடுப்போ?"
நூலைப் பல்லால் கடித்தபடி ஒருத்தி.
சும்மா இருந்தாலும் நானூறுதான், தங்கச்சி.
தையல் மெசின் நாலு: ஆயிரத்து முந்நூற்று அறுபத்து நாலு.
அயன்பெட்டி: மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

மொத்தம் பதினையாயிரத்து அறுநூற்று ஐம்பத்தாறு.
பதினெண்ணாயிரம் மெசின்தான் சரிவரும் என்றேன்.
விலை கேட்டா.
விலை சொன்னேன்.

"அயன்பெட்டியை விறாந்தையில வைப்பம். வெட்டும்."
வெட்டினேன்.
இன்னும் இருநூற்று நாற்பத்து நாலு கூட.
"தட்சாயினிக்கு ஆனியில கலியாணம்.
அவளையும் வெட்டும்."
கடை முழுக்கச் சிரித்தது,
தட்சாயினி மட்டும் ஊசியைப் பார்த்தாள்.
நானூறு கழிந்தது.
பன்னிரண்டாயிரத்துக்குள் அடங்கிற்று.

"அதுசரி, ஒரு பீ.ரி.யூ எண்டால் எவ்வளவு?"

ஒரு நெருப்புக்குச்சி அடிவரை எரிந்தால்
வருகிற வெக்கை, ஏறத்தாழ.
ஆயிரத்து ஐம்பத்தைந்து யூல்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தா.
"நெருப்புப்பெட்டிக்குத் தடை இருந்த நேரம்
பிளேட்டால குச்சியை நெடுக்கப் பிளப்பன்.
தடி பிளக்கிறது சுகம்.
மருந்துத் தலையும் சரிபாதியாகோணும்,
அதுக்கு மூச்சைப் பிடிக்கோணும்.
பக்கத்து வீடுகளும் என்னட்டத்தான் கொண்டுவந்து தாறது.
அப்ப, ஒரு குச்சி அரைப் பீ.ரி.யூ. என்ன?"

ஓம் என்றேன்.
யூலில் சொல்லவில்லை.

அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
மெசின் நாலும் ஒன்றாக நிற்க
தகரம் வெயிலில் முறிகிற சத்தம் கேட்டது.
மூலை அலுமாரிக்குள் எதையோ தேட
அக்கா ஒரு குச்சி தட்டினா.
பழக்கதோஷத்தில்
'ஏனையவை' என்ற கட்டத்தில்
1 என்று எழுதிவிட்டேன்.

தேடியது கிடைத்தது. போன மாதத்துக் கரண்ட் பில்.
குச்சியை ஊதி அணைத்து,
கருகாத பாதியைத் தடவிப் பார்த்து,
பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தா.

1ஐ வெட்டினேன்.
அந்தக் கட்டத்தில் பின்னம் எழுத இடம் போதாது.
டிலக்சன் பேனையை வாங்கி
ஓரத்தில் சின்னதாக எழுதினான்.