பல் தடம்

நீதிமன்றம் இரண்டரைக்குத்தான் மறுபடி கூடும்.
சோற்றுப் பொட்டலத்தைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு
கார்ப்பென்டர் தெருவில் நடந்தேன்.
ஒரு வாசலில் பலகை:
தாய்லாந்து முகமூடிக் கூத்துக் காட்சியகம்,
மூன்றாம் மாடி, நுழைவு ஆறு வெள்ளி.
மின்தூக்கி பழுது.

காலையிலிருந்து நான்
இன்னொருவராக இருந்தேன்.
"நான் அவனைத் தள்ளவில்லை" என்றேன்.
"நான் குடித்திருந்தேன், நிதானம் தப்பவில்லை" என்றேன்.
"ஊரில் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றும் சொன்னேன்.
அது குறிப்பில் வேண்டாம் என்றார் நீதிபதி.
எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் தன்மை ஒருமையில்.
'அவன் சொல்கிறான்' என்று சொல்லக் கூடாது,
உரைபெயர்ப்பாளர் விதி அது.
பதினெட்டு வருடத்தில் எத்தனை திருட்டு, எத்தனை கத்தி,
ஒரு கொலைகூட
என் வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.
ஒப்புக்கொண்டு, ஐந்தரைக்கு எம்ஆர்டி பிடித்து
வழியில் கீரை வாங்கி
வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

மாடியில் நல்ல குளிர்.
கண்ணாடிப் பெட்டிகளில் முகங்கள்:
பச்சை, பவளம், வாழைப்பூ நிறம்.
விழி பிதுங்கினால் ஓர் அரக்கன்,
இமை பாதி தாழ்ந்தால் வேறோர் அரக்கன்.
குரங்குகளில் வாய் திறந்தவை உண்டு, மூடியவை உண்டு.
திறந்த வாயும் வண்ணம்தான்;
தட்டிப் பார்த்தால் சுவர்.

சட்டையில் சிரிலக் என்று பெயர் குத்தியிருந்த பெண் சொன்னாள்:
முகமூடி அணிந்தவர் பேசுவதில்லை.
மேடை ஓரம் ஒருவர் உட்கார்ந்து
அவருக்காகப் பேசுவார்.
"எப்படிப் பேசுவார்? அவன் என்றா, நான் என்றா?"
இதுவரை யாரும் கேட்டதில்லை போலும்.
யோசித்தாள்.
"நான் என்றுதான்."

அட, நம் ஆள்.

கடைசிப் பெட்டியில் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.
உட்புறம் பழுப்பு. ஒட்டிய தாள்களில்
யாரோ எழுதிய அரிசிக் கணக்கு பாதி தெரிந்தது.
பார்க்க இரண்டு துளை, மிளகளவு.
வாய்க்கு நேரே ஒரு சின்னத் தோல்வார்.
இதைக் கடித்துக்கொண்டுதான் ஆடுவார்களாம்,
முகம் நழுவாமலிருக்க.
தோலில் பல் தடம்.
மேலே நான்கு, கீழே மூன்று.

சேவுகன் நினைவுக்கு வந்தான்.
சாரக்கட்டு வேலை, இருபத்தாறு வயது,
சட்டை யாரிடமோ இரவல்.
கடைசிக் கேள்வியைத் தமிழில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
தாடை இறுகியது.
காதுக்குக் கீழே ஒரு முடிச்சு ஏறி இறங்கியது.
இடது கை நெற்றிவரை போய்
எதையோ மறந்ததுபோல் திரும்பியது.
"பதில் இல்லை, யுவர் ஆனர்."
சுத்தமான உச்சரிப்பு எனக்கு.

படியருகே சுவரில் கைகளின் படங்கள்.
வெட்கம்: விரல் கன்னத்தில்.
காதல்: கைகள் குறுக்கே மார்பில்.
அழுகை: இடது உள்ளங்கை நெற்றிக்கு.

அவன் காரைக்குடிப் பக்கம்,
இந்தக் கூத்தெல்லாம் அவனுக்கு எங்கே தெரியும்.
வியர்வை துடைக்கப் போயிருப்பான் என்று
இரண்டு மாடி இறங்கும்வரை சொல்லிக்கொண்டேன்.
முதல் மாடியில் ஞாபகம் வந்தது,
கூண்டுக்கு நேர் மேலேதான்
குளிர்சாதனம்.

இரண்டரை. எல்லோரும் எழுந்து, குனிந்து, உட்கார்ந்தோம்.
அதே கேள்வி.
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
இம்முறை முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன்.
கண்டதைச் சொல்லக் கூடாது, கேட்டதைத்தான்,
அதுவும் விதி.
பசியில் வயிறு எரிந்தது.
"என்ன சொல்கிறார்?" என்றார் நீதிபதி.
"யுவர் ஆனர், நான்..."
என்று தொடங்கி நின்றுவிட்டேன்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.
எழுத்தர் அதை
அவன் பதிலாகத் தட்டிக்கொண்டிருந்தார்.