இருமலை எழுதுவதில்லை

விளாங்குடியிலிருந்து உலகனேரி பன்னிரண்டு கிலோமீட்டர்.
கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு வாங்கிய
அலுமினிய ரோடு பைக்,
இன்னும் பதினேழு தவணை பாக்கி.
ஹைகோர்ட் கிளை வாசலில் இறங்கும்போது
இரண்டு சுண்டுவிரலும் என்னுடையவை அல்ல.

சுருக்கெழுத்தில் மெல்லக் கீறினால் ஓர் ஒலி,
அதே கோட்டை அழுத்தினால் வேறு ஒலி.
ஒரு திங்கட்கிழமை
நீதிபதி சொன்ன 'பெயில்'
என் நோட்டில் 'பேல்' என்று வெளுத்துக் கிடந்தது.
வெள்ளைத்துரை சார் பார்த்துத் திருத்தினார்.
இல்லையென்றால் மேலூர்க்காரன் ஒருவன்
இன்னும் ஒரு வாரம் உள்ளே இருந்திருப்பான்.
ஒரு வாரம் என்பது என் கற்பனை.
ஆனாலும்.

தெற்கு மாரட் வீதி ஜகாங்கீர்
சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சொன்னார்:
"அலுமினியம்னா அப்படித்தான் மேடம்.
கார்பனுக்கு மாறிடுங்க."
எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார்.
சக்கரம் நிற்கும்வரை
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜெல் வைத்த தடித்த சீட் வாங்கினேன்.
கோரிப்பாளையம் வருவதற்குள் தொடை உரசி எரிந்தது.
கையுறை வாங்கினேன்.
விரல் மரத்ததோடு வேர்வையும் சேர்ந்தது.

பிறகுதான் உறைத்தது,
இந்த வண்டியும் ஸ்டெனோதான்.
செல்லூர் ரோடு சொல்வதையெல்லாம்
ஓர் எழுத்து விடாமல் எடுக்கிறது:
பாதாளச் சாக்கடை மூடி,
குழாய் புதைத்து மண்போட்டு மறந்த பள்ளம்,
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ பந்தல்கால் நட்ட குழி,
கோடடிக்காத வேகத்தடை.
எடுத்ததை அப்படியே
உள்ளங்கைக்கு வாசித்துக் காட்டுகிறது.

நானும் சேர்ந்த புதிதில் அப்படித்தான்.
வக்கீல் இருமினால் இருமல் என்று எழுதினேன்.
எப்போது விட்டேன், தெரியாது.
கை தானாக விட்டது.

இதற்கு எங்கே இருமலை விடச் சொல்வது?
ராத்திரி கேட்டைப் பூட்டிவிட்டு
டார்ச்சோடு டயர் பக்கம் குந்தினேன்.
கேஜ் நூற்றுப்பத்து காட்டியது.
டயர் ஓரத்தில் 'அதிகபட்சம்' என்று அச்சடித்திருந்ததை
இத்தனை நாளும் 'கட்டாயம்' என்று வாசித்திருக்கிறேன்.
கோர்ட்டில் வேலை பார்க்கிறவள்!

என் எடை ஐம்பத்தெட்டு.
வால்வை அழுத்தினேன்.
பத்தொன்பது மாதம் மூச்சிரைக்க நானே அடித்த காற்று.
தொண்ணூறு. எண்பது.
பேராசையில் ஐம்பத்தைந்து.

மறுநாள் கே.கே.நகர் வளைவில் ஒரு பள்ளத்து விளிம்பு
ட்யூபில் அருகருகே இரண்டு ஓட்டை போட்டது,
பாம்பு தீண்டின மாதிரி.
கரும்புச்சாறு வண்டி நிழலில் நின்று ஒட்டினேன்.
வருகைப் பதிவேட்டில் பத்து நாற்பது.

இருபத்தைந்து டயரைக் கழற்றி
இருபத்தெட்டு கேட்டேன்.
நுழையாது என்றார் ஜகாங்கீர்.
போட்டுப் பார்த்தோம்.
பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே
நாலாய் மடித்த கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போய்வந்தது.
"மழையில சேறு அடைச்சா என்னைத் திட்டக் கூடாது."
பழைய ஹேண்டில்பார் டேப்பின் மேலேயே
இன்னொரு சுற்று சுற்றினார்,
கூலி வாங்கவில்லை.
பின்னால் எழுபத்திரண்டு, முன்னால் அறுபத்தெட்டு.
பழைய ஒல்லி சீட்டை மறுபடி மாட்டி
நாலு மில்லிமீட்டர் இறக்கியது மட்டும் நான்.

மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் ஏறினால்
யானைமலை எப்போதும் என்னோடு நடக்கும்.
துதிக்கை ஆடும், முதுகு குலுங்கும்.
பெயருக்கேற்ற வேலை என்றே நினைத்திருந்தேன்.
அன்று காலை
அது படுத்திருந்தது.
விலாவில் வெயில் வழிய
அசையாமல்.

கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

வேகத்தடை இன்னும் தூக்கித்தான் போடுகிறது.
அது சாட்சியம்,
அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

பத்தரைக்குக் கோர்ட் கூடியது.
எதிர்த்தரப்பு வக்கீல் நெடுநேரம் செருமினார்.
பென்சில் சும்மா நின்றது.
சுண்டுவிரலுக்கு
தாள் சில்லென்றிருப்பது தெரிந்தது.