கேஸ்கட்

குக்கருக்கு கேஸ்கட் வாங்கத்தான் என்று
சொல்லிவிட்டுக் கிளம்பினோம், ஞாயிற்றுக்கிழமை.
கடையத்தில் கிடைக்காதாலே என்றாள் அம்மா.
திருநெல்வேலியில்தான் ஒரிஜினல் என்றேன்.
செங்கோட்டை பாசஞ்சரில்
சன்னலோரம் அவளுக்கு.

இரண்டு அறை, ஏழு பேர்.
கல்யாணமாகிப் பதினாலு மாதமாய்
காதோடு மட்டுமே பேசிப் பழகியவள்
சேரன்மகாதேவி தாண்டியதும்
சத்தமாய்ச் சிரித்தாள்.
எதிர் சீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
பார்க்கட்டும்.

ஜங்ஷனில் இறங்கி
பெரிதாய் எங்கேயும் போகவில்லை.
ஆற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றோம்.
பத்தாம் வகுப்பில் கணக்கில் போனது,
என் மூக்கு லேசாய்க் கோணல் என்பது,
தையல் மிஷினுக்கு மாதம் இருநூறு
எனக்குத் தெரியாமல் சேர்ப்பது
எல்லாவற்றையும்
லாரி இரைச்சலுக்கு மேல்
கத்திக் கத்திச் சொன்னாள்.
நானும் கத்தினேன், என்னவென்று நினைவில்லை.

வெயில் தாழ்ந்தபிறகுதான்
கடை ஞாபகம் வந்தது.
எத்தனை லிட்டர் என்றார் கடைக்காரர்.
நான் வாய் திறக்குமுன்
அஞ்சு
என்றாள் பிரம்மசக்தி,
என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் வீட்டுக் குக்கர் மூணு லிட்டர்.

காசை எண்ணிக் கொடுத்தேன்.
பில்லை நாலாய் மடித்து
சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்தினேன்.
ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று
அடியில் பொடி எழுத்தில்
அச்சடித்திருந்தது.